ஆர்வோவின் காரைத் திருத்திய ரெய்னோ

என் தம்பி ரெய்னோவின் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கதவுக் கீலை ஆட்டிப் பார்ப்பான், குழாயைத் திறந்து மூடுவான். காகித ஆலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு எந்தப் பெண்ணிடமாவது சம்மதம் கேட்டிருக்க வேண்டும். அவனுக்குத்தான் எதையும் கேட்டுச் செய்யும் பழக்கம் கிடையாதே.

என் வீட்டுக்காரர் ஆர்வோ பழைய ஆறு சிலிண்டர் ஷெவர்லே கார் ஒன்றைக் கட்டி அழுதுகொண்டிருந்தார். எங்கள் தண்டர் பே ஊரில் ஏரிப்பக்கமிருந்து மூடுபனி ஏறும் காலைகளில் அது கிளம்பாது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகள் ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். மனுஷன் என் ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நான் ஈரத் தலையோடு தேவாலயத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

ரெய்னோவுக்கு இது போதாதா? டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக மின்சாரம் ஊட்டும் ஒரு காயிலை உட்கார வைத்துவிடலாம், ஈரமாவது மண்ணாவது என்றான். தன் டாட்ஜ் காரில் ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தான். அது எந்தப் பனியிலும் மறுபேச்சில்லாமல் கிளம்பிற்று. ஆர்வோ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பிக்கு அதுவே சம்மதம்.

உடைசல் வண்டிகளிலிருந்து ஆறு காயில்களைக் கழற்றிக்கொண்டு வந்தான். இன்ஜின் முன்னால் பல் வைத்த சக்கரம் ஒன்றைப் பூட்டினான். அந்தப் பற்களை எண்ண ஒரு சென்சார், எந்தக் காயில் எப்போது பொறி தட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு சின்னப் பெட்டி. டிஸ்ட்ரிபியூட்டரை உருவி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்கு அளவாக அலுமினிய மூடி கடைந்து போட்டான். கை நுழைய இடமில்லாமல் பக்கத்தில் ஒரு ஒயர் இடைஞ்சலாக இருந்தது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கின் ஒயர் அது. பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று பிடுங்கி விட்டான். ஆர்வோ காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் சாவியைத் திருப்பினார்கள். தொட்டவுடன் பிடித்தது. என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் நல்ல மூடுபனி. ஆர்வோ வேண்டுமென்றே அந்தப் பனியில் காரை எடுத்துக்கொண்டு போனார். ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலை மேட்டில் ஏறும்போது இன்ஜின் ஒரு முறை அலறி, அப்படியே இறுகி நின்றுவிட்டது.

கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். எங்கள் மகள் மிர்யா வந்தாள். அப்பா வண்டி ஓட்டியது போதும் என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த வாரம்தான் ஆர்வோ தன் கையாலேயே ஆயில் மாற்றியிருந்தார்.

"அப்பா, பழைய ஆயில இறக்கினீங்க சரி. புதுசு ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். பாதியில் அவர் குரல் தேய்ந்துவிட்டது.

ரெய்னோ அப்போது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் கையில் வைத்திருந்தான். துணியில் துடைத்தான், திரும்பச் சொருகினான், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆர்வோ ஓட்டுநர் உரிமத்தை மகள் கையில் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தம்பி எங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சவுனாவில் நீராவிக் குளியலுக்கும் வரவில்லை. சுரம் வந்தாலும் வெந்நீராவியில் உட்காராமல் விடாதவன் வராமல் போனால் சும்மா விடுவேனா? நேரே அவன் வீட்டுக்கே போனேன். சமையலறையில் முன்தினப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தான். கேட்பதற்கு முன்பே உடைந்துவிட்டான்.

"அக்கா, கம்பியில ஆயில் ரொம்பி இருந்துச்சு. அத்தான் ஊத்தியிருக்காரு. கொன்னது நான்தான்."

பிறகு விளக்கினான். அவனுடைய டாட்ஜில் ஆயில் பம்ப் தனியாகச் சுற்றுமாம். ஷெவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டரின் வால்தான் கீழே போய்ப் பம்பைச் சுற்றுமாம். மேலே உருவினால் கீழே பம்ப் நின்றுவிடும். உருவினால் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தண்டாவது வைக்க வேண்டும். இவன் வெறும் மூடியைப் போட்டு அடைத்திருக்கிறான். அடியில் அத்தனை ஆயில் இருந்தும் மேலே ஒரு சொட்டு ஏறாமல் இன்ஜின் காய்ந்து செத்திருக்கிறது. எச்சரிக்க வேண்டிய விளக்கையும் இவனே பிடுங்கி விட்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தில் பாத்திரங்களை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கார் போனால் போகட்டும். தன் மூளை கழன்றுவிட்டதென்று நம்பி என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாரே, அதற்கு என்ன பதில்?

"வர்ற சனிக்கிழமை சவுனாவுல வச்சு நீயே அவர்கிட்ட சொல்ற. அப்பறம் மிர்யாகிட்ட. இல்லேன்னா இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத" என்றேன்.

சனிக்கிழமை வந்தான். எங்களில் சவுனாவுக்குள் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். தேவாலயத்தில் இருப்பது போல இருக்க வேண்டும். அதனால்தான் அந்த இடத்தைச் சொன்னேன். துண்டுகளை வைக்கிற சாக்கில் வெளி அறைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பலகைக் கதவு, எல்லாம் கேட்டது. தம்பி திக்கித் திக்கி முழுவதையும் சொன்னான். கம்பியைத் துடைத்துச் சொருகியதையும் சொன்னான். சுட்ட கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது.

"எனக்குத் தெரியும்டா ரெய்னோ" என்றார் ஆர்வோ. "அந்த இன்ஜின முன்னாடி பிரிச்சுக் கட்டினவனே நான்தான். நீ அத உருவறப்பவே பம்புக்கு என்ன பண்ணப் போறேன்னு கேக்கணும்னு நெனச்சேன். வாயத் தொறக்கறதுக்குள்ள மறந்துட்டேன். மேட்டுல வண்டி நின்னப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"அது மறதியில்ல அத்தான். தப்பு என்னுது. நான் மிர்யாகிட்ட இன்னிக்கே சொல்றேன்."

"சொல்லாத."

"உங்க லைசென்ஸ்—"

"சொன்னா திருப்பிக் குடுத்துடுவா. போன மாசம் கூட்டுறவுக் கடையிலேர்ந்து வீட்டுக்கு வர்ற வழி தெரியாம சுத்துனேன்டா. நம்ம கடையிலேர்ந்து. பயந்துட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன், கார் செத்துச்சு, அதையே சாக்கா வச்சுக்கிட்டேன். உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

கையிலிருந்த துண்டுகளை மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். தம்பியைத் திட்டியதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. அழக்கூட முடியவில்லை, அவர்களுக்குக் கேட்டுவிடும்.

வெளியே வந்தபோது தம்பியின் முகம் உள்ளே போனதைவிட மோசமாக இருந்தது. சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், ஆனால் மிர்யாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஆர்வோவை எங்கே போக வேண்டுமென்றாலும் ரெய்னோதான் தன் டாட்ஜில் கூட்டிப் போகிறான். மழையானாலும் பனியானாலும் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மிர்யா வந்திருந்தாள். மாமாவின் பின்னால் போய் நின்று அவன் உச்சந்தலையில் முத்தமிட்டாள்.

"மாமா, அப்பாவோட மறதிக்கு நீங்க இப்படி ஓடி ஓடி உழைக்கிறீங்க. உங்களுக்கு நாங்க என்ன கைம்மாறு பண்ணப் போறோம்?"

ரெய்னோ வாயில் வைத்த மீனை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. ஆர்வோ ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளி, "சாப்பிடுடா" என்றார்.