மனுவில் ஒன்பது ‘நிங்ஙள்’

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய தமிழையும் திருத்தி எரிச்சலூட்டும் ஆள் நான்தான்.

போன வாரம் மாடிவீட்டு ரஹ்மத், “அண்ணா, நீ மோட்டர் போட்டியா?” என்று எழுதியிருந்தார். தமிழ்க் குடும்பம்தான்; ஆனால் இங்கே மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளத்தில் படித்தவர். “நீ இல்லை, நீங்கள்” என்று எல்லோர் முன்னாலும் பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் குழுவில் எழுதவே இல்லை.

இன்றோடு குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள். எட்டு வருடத்தில் கற்ற மலையாளத்தை நம்பி, நானே மனு எழுதிக்கொண்டு குடிநீர் அலுவலகம் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ரஹ்மத்.

மனுவை வாங்கிப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணா, இவிடெ ஆபீசரை ‘நிங்ஙள்’னு எழுதக்கூடாது. நம்ம தமிழ்ல அது மரியாதை. இவங்களுக்கு சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். ‘சார்’னு எழுதணும்.”

ஒன்பது இடத்தில் அப்படி எழுதியிருந்தேன். ரஹ்மத் பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்து, முழு மனுவையும் புதிதாக எழுதிக் கொடுத்தார். பின்னால் நின்றவருக்குக்கூட விஷயம் தெரியாது.

அதிகாரி சிரித்த முகத்தோடு வாங்கினார். மதியமே குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தது.

சாயங்காலம் குழுவில் ரஹ்மத்: “அண்ணா, நீ டேங்க் பாத்தியா? நிறைஞ்சோ?”

“நிறைஞ்சிருச்சு ரஹ்மத். உங்களாலதான்” என்று எல்லோர் முன்னாலும் எழுதினேன்.

இந்தப் பதிவில் பிழை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ரஹ்மத் மாதிரி, காதும் காதும் வைத்தாற்போல.