தாராபுரத்துக்குக் கொடுத்த பெண்

சூலூரில் எங்கள் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் பந்து வீசியவள் கல்யாணமாகி துபாய்க்குப் போய்விட்டாள். பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்தான். பந்து சற்றுப் பெரிது, கையைக் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும். வீசுகிறவள் சரியில்லையென்றால் மற்ற எட்டுப் பேருக்கும் பந்து பொறுக்குவது ஒன்றே வேலை.

நான் கேப்டன். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரும் நான்தான். வார நாட்களில் ஒரு பம்பு கம்பெனி அலுவலகத்தில் கடிதம் டைப் அடிக்கிற உத்தியோகம்.

எங்களிடம் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவாள். யாருக்குக் காய்ச்சலோ அன்று அவர்கள் இடம் அவளுக்கு. நான் வராத நாட்களில் கேட்சரும் அவளே. தாராபுரம் அணியில் பந்து வீச இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தியைத் தருகிறோம், பதிலுக்கு இவளைக் கொடுங்கள் என்று கேட்டனுப்பினார்கள்.

எங்கள் மாஸ்டர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். பேக்கரியில் டீயும் பப்ஸும் வாங்கிக் கொடுத்து விஷயத்தை எடுத்தார்.

"அந்தப் புள்ளைய உட்டுப்போட்டா, நாளைக்கு யாருக்காச்சும் கால் சுளுக்குனா என்னங்க மாஸ்டர் பண்றது?" என்றேன்.

"கால் சுளுக்கோணும்னாலும் ஆட்டம் நடக்கோணுமல்ல அம்மணி. பந்து போட ஆளில்லாம எப்படி நடக்கும்?"

பப்ஸைத் தின்றேன். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்.

அவளுடைய அம்மாவிடம் சொல்ல இருவரும் போனோம். வீட்டுக்குள் ஓடிய தறிச் சத்தத்தில் மாஸ்டர் உரக்கப் பேசினார்.

"தாராபுரத்துல உங்க புள்ளையக் கேக்கறாங்க. அவிக புள்ளைய நாம எடுத்துக்கறோமுங்க."

அந்த அம்மா தறியை நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"பையன் என்னங்க பண்றான்?" என்று கேட்டார்.

மாஸ்டர் விளக்கி முடிக்கக் கால் மணி நேரமானது. அந்தப் பெண் கதவோரம் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே அழைத்து, "உனக்கு இஷ்டமா கண்ணு?" என்றேன்.

"அங்க எனக்குன்னு ஒரே எடம் குடுப்பாங்களாக்கா? இங்க, இன்னிக்கு எங்க நிக்கப்போறம்னே தெரியாம வாரனுங்க."

எங்கும் ஆடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தாராபுரத்திலிருந்து வந்தவள் உயரமானவள், அதிகம் பேசாதவள். அவளுடைய முதல் பந்தில் கை சுழன்றதைப் பார்த்தேன். அடுத்து எனக்குப் பின்னால் சுவரில் பந்து மோதிய சத்தம் கேட்டது. மூன்றாவது பந்து கிளவ் போடாத வலது கையின் கட்டை விரலில் பட்டது.

"இதையெல்லாம் அந்தப் புள்ள புடிச்சிருப்பா" என்றார் மாஸ்டர், என்னைப் பார்க்காமல்.

இரண்டு வாரம் இடது கையால் கடிதம் அடித்தேன். மேனேஜர் விரலைப் பார்த்து விசாரித்தார். பந்தைப் பிடிக்கும்போது பட்டது என்றேன்.

"புடிக்காம உட்றலாமுல்லங்க?" என்றார். நல்ல மனுஷர்.

இன்னொரு நாள் பயிற்சியில் ஆள்காட்டி விரலும் வீங்கியது. மாஸ்டர் தாராபுரத்துக்குப் போன் செய்து, கேட்சராக நிற்க எங்கள் பழைய பெண்ணை ஒரு மாதத்துக்கு மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அங்கே பந்து வீச மிச்சமிருந்த பிட்சருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டதாம். இப்போது எங்கள் பெண்தான் அவர்களுக்குப் பந்து வீசுகிறாளாம்.

அடுத்து அவர்கள் சூலூருக்கு ஆட வந்தார்கள். எங்கள் பிட்சர் பிரமாதமாக வீசினாள். நான் பாதியைப் பிடித்தேன். கடைசியில் மட்டை என் கைக்கு வந்தது. எதிரே பந்துடன் எங்கள் பழைய பெண். மூன்று பந்து, மூன்று வீச்சு, மூன்றும் காற்றில். அவுட். ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, பந்தப் புடிக்கப் போகாதீங்க. வர்ற வரைக்கும் உக்காந்திருங்க. இந்தக் கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கோங்க."

அவர்களுடைய வேன் பக்கத்திலேயே மண்ணில் குந்திக்காட்டினாள். நானும் குந்தினேன். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, வண்டிய எடுக்கட்டுங்களா?" என்றார். அவள் எழுந்து போய் எனக்குப் பத்துப் பந்து போட்டுவிட்டுத்தான் ஏறினாள். அதில் எட்டைப் பிடித்தேன்.