பம்பாயிலிருந்து ஒரு டிரங்க் கால்

எழுபதுகளின் கடைசியில் போடியில் என் ஏலக்காய்க் கடைக்கு டெலிபோன் வந்தது. எதிர்க்கடை நண்பனுக்கும் அதே வாரம் வந்தது; ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இருவருக்கும் தலைகால் புரியவில்லை. தெருவைத் தாண்டினால் அவன் கடை. ஆனாலும் எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்டு, ஒருவரையொருவர் பார்த்தபடியே போனில் பேசுவோம். "மாப்ளே, வேட்டியில சாம்பாரு" என்பான். குனிந்து பார்ப்பேன். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

சில நாள், வெளியூர் அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சொல்வதுபோலக் குரலை மாற்றி, "டெல்லியிலிருந்து டிரங்க் கால், மந்திரி பேசுகிறார்" என்பான். "மந்திரிய டீ குடிச்சிட்டு வரச் சொல்லு" என்று வைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலை, குரங்கணிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்ணொருத்தி ஜீப்பில் இறங்கி வந்தாள். அவள் கணவன் பம்பாயில் மில் வேலையில் இருந்தான்; சில மாதம் முன்புதான் லீவில் வந்துபோயிருந்தான். அன்று பத்து மணிக்கு என் நம்பருக்குப் பேசுவதாக எழுதியிருந்தான். அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதமெல்லாம் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கையால்தான் போகும்.

"இந்தச் சேதிய மட்டும் என் வாயால சொல்லணும்ணே" என்றாள்.

இதையும் மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிவைத்தேன்.

பத்து மணி நெருங்கியதும், "மொகங் கழுவிட்டு வர்றேண்ணே" என்று பின்னால் போனாள். போன் அடித்தது. "பம்பாயிலிருந்து டிரங்க் கால்" என்றது கரகரத்த குரல். குரல் மாற்றுவதில் மாப்பிள்ளை என்னமாய்த் தேறிவிட்டான்! "பம்பாய்க்காரனக் குளிச்சிட்டு வரச் சொல்லு" என்று வைத்துவிட்டு, சிரித்தபடி எதிரே பார்த்தேன்.

அவன் குனிந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். போன் மேஜையில் சும்மா கிடந்தது.

எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். "நீங்கதான சார் வச்சீங்க? லைன் போயிருச்சு" என்றார்கள்.

அவள் பவுடர் பூசி, பூவைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

"வந்துச்சாண்ணே?"

"இல்லம்மா" என்றேன்.

நண்பகல் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மணி அடித்தது. துள்ளி எழுந்தாள். எடுத்தேன்.

"மாப்ளே, இன்னைக்கு என்ன கொழம்பு?"

வெளியே மலைக்குத் திரும்பும் ஜீப் ஹாரன் அடித்தது. "வெரசா நீங்களே எழுதிருங்கண்ணே" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "முழுகாம இருக்கேன். மூணு மாசம்."

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். "நல்லா எழுதியிருக்கீகண்ணே" என்று கும்பிட்டாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.