அத்தைக்குப் பார்த்த மாப்பிள்ளையும் ஐரிஷ் படமும்

அயர்லாந்து என்று ஒரு நாடு இருப்பதே எனக்குத் தெரியவந்தது, அத்தையின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்து காட்டச் சொன்ன காலம் மலையேறிவிட்டது என்று பெரியவர்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள். அப்படி ஒரு காலம் இருந்ததே எனக்கு ஞாபகமில்லை.

நாங்கள் வத்தேகமவில் இருந்தோம். அப்பா ஒரு கந்தோரில் கிளார்க். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். அவளுக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எந்நேரமும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த விஷயம். வந்த வரன்கள் எல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தட்டிப்போயின. அப்போதுதான் கடுகண்ணாவையிலிருந்து இந்த வரன் வந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா அங்கே ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். கடையை மாப்பிள்ளைதான் பார்த்துக்கொண்டார். அவருடைய தாய் தகப்பன் எங்களைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரு கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு கொஞ்ச காலம் முகாமில் இருந்துவிட்டுப் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தவர். தனி ஆள். "மாமியா, நாத்தனான்னு ஒரு தொல்லையும் இல்ல" என்று அம்மா இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டாள். குறை என்று பார்த்தால் அவருடைய பேச்சுதான். நாங்கள் 'ஆமா' என்று சொல்கிற இடத்தில் அவர் 'ஓம்' என்பார். நம்ம ஆள் இப்படிப் பேசுகிறாரே என்று அம்மாவுக்கு அது ஒரு உறுத்தல்.

பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, இரண்டு பேரும் இன்னொரு தடவை பார்த்துப் பேசட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதற்கு அப்பா கண்டுபிடித்த வழி சினிமா. சினிமாக் கொட்டகையில் எப்படிப் பேசுவது என்று அத்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேரும் கண்டிக்கு பஸ் ஏறினோம்.

தியேட்டர் வாசலில் தமிழ்ப் படத்தின் போஸ்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. படம் மட்டும் இல்லை. முதல் நாளே எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பதிலாக ஓர் இங்கிலீஷ் படம் ஓடியது. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட புதுச் சட்டையோடு எங்களுக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போவது அபசகுனம் என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள்.

"இங்கிலீஷ் படம்னா என்ன? நான் சொல்றேன்ல" என்றார் அப்பா. கந்தோர் கடிதங்களைத் தவிர வேறு இங்கிலீஷை அவர் வாசித்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தான், பின்னால் நெருப்பு.

"இது சண்டைப் படமோ, அண்ணை?"

"இல்ல தம்பி, அரசியல் படம்" என்றார் அப்பா.

உள்ளே என்னை அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். கல்யாணம் ஆகாத இரண்டு பேருக்கு நடுவே ஒரு வேலி வேண்டும் என்பதற்காக என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நல்ல இடம் கிடைத்தது என்று நினைத்தேன். தியேட்டர் பாதிதான் நிறைந்திருந்தது. பெரும்பாலும் சிங்களப் பையன்கள். எங்களுக்கு முன் வரிசையில் அப்படி நாலைந்து பேர் கடலைச் சரைகளோடு சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது. ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் வரிசையாக இருந்தன. தெருவில் ராணுவம் நின்றது. அப்பா விளக்கம் சொன்னார்: "இவனுங்க ஐரிஷ்காரனுங்க. ஆமி இங்கிலீஷ்காரன்."

"ரெண்டு பேரும் வெள்ளக்காரனா இருக்கானுங்களே, எப்பிடிங்க கண்டுபிடிக்கிறது?" என்றாள் அம்மா.

"பேரக் கேட்டா தெரிஞ்சிரும்."

"எதுக்கு அடிச்சிக்கிறானுங்க?"

அதற்கும் அப்பா ஒரு பதில் வைத்திருந்தார். "சாமி ஒண்ணுதான். கோயில் வேற" என்றார். அம்மா திருப்தியடையவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவுமில்லை.

ஒரு காட்சியில் ராணுவம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சுவரோரமாக நிறுத்தியது. பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தொப்பி போட்ட கிழவர்கள் எல்லோரும் கைகளைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த தியேட்டர் அமைதியாகிவிட்டது. யாரும் கடலைகூடக் கொறிக்கவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவன் சிங்களத்தில் உரக்கக் கத்தினான்: "ஐசியக் காட்டுங்கடா!"

தியேட்டரே சிரித்தது. அடையாள அட்டையைக் கேட்கும் அந்தக் குரலும் தோரணையும் எல்லோருக்கும் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். முன் வரிசைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை என் தலைக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். பார்க்கப்போனால் அப்பாவின் யோசனை அந்த நிமிஷம் பலித்துவிட்டது.

பிறகு கதாநாயகன் ஒரு பையைக் கொண்டுபோய், ஜனங்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த ஒரு கடையில் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். படத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. எங்கள் தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "பேக் எக! பேக் எக!" என்று பையைக் காட்டிச் சிங்களத்தில் பலர் கத்தினார்கள். "அடியே, கீழ பாருடி!" என்று ஒரு தமிழ்க் குரலும் கேட்டது. எங்கள் வரிசையின் கோடியில் இருந்த ஒருவர் குனிந்து தன் சீட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டார். அம்மா தரையில் வைத்திருந்த ஹேண்ட்பேக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் குண்டு வெடிக்கவில்லை. கதை வேறு எங்கோ போயிற்று. ஒரு பெண் அழுதாள், ஒரு கிழவன் பாட்டுப் பாடினான். எல்லோரும் பையை மறந்து சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் அது வெடித்தது.

வெடித்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் வந்த அதே கணத்தில் ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். மாப்பிள்ளை என் மேல் கவிழ்ந்திருந்தார். தரை முழுக்கக் கடலைத் தோல். யாரோ கொட்டிய சோடா பிசுபிசுவென்று கன்னத்தில் ஒட்டியது. என் இரண்டு கைகளையும் எடுத்து என் காதுகளில் வைத்து அழுத்தினார்.

"வாயைத் திற பிள்ளை. பெரிசாத் திற. காதைப் பொத்து. இல்லாட்டிக் காது போயிடும்."

நான் திறந்தேன். அவரும் வாயைத் திறந்து வைத்திருந்தார். இது ஏதோ விளையாட்டு என்றுதான் எனக்குப் பட்டது. பெரியவர் ஒருவர் என்னோடு இவ்வளவு மும்முரமாக விளையாடியதே இல்லை.

சீட்டுகளின் கால்களுக்கிடையே முன் வரிசை தெரிந்தது. அங்கேயும் ஒருவன் தரையில் குப்புறக் கிடந்தான். முன்னால் இருந்த பையன்களில் ஒருவன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். அவனும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தான். அவனும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில். அவன் முதலில் வாயை மூடினான். பிறகு காதிலிருந்து கையை எடுத்து என்னைக் காட்டி, சிங்களத்தில் மெதுவாக, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். மாப்பிள்ளைக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. இது புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

அதற்குள் மேலே சிரிப்பு தொடங்கியிருந்தது. பக்கத்து வரிசைகளில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். முன் வரிசைப் பையனை அவனுடைய கூட்டாளிகள் தூக்கி உட்காரவைத்து முதுகில் தட்டி, "கோப்ரல்! ஆமியில இருந்து லீவுல வந்துமா யுத்தம்?" என்று கேலி செய்தார்கள். அவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். எங்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து, என்னைத் தூக்கி உட்காரவைத்து, என் கவுனில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். புதுச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. படம் முடியும்வரை கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கதாநாயகன் செத்துப்போனான். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. "கிளைமாக்ஸ்ல ஒரு சண்டைகூட இல்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். வெளியே மாப்பிள்ளை அப்பாவிடம் ஏதோ சொல்ல வந்தார். அப்பா மழை வருவதைப் பற்றிப் பேசினார். மாப்பிள்ளை கடுகண்ணாவை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்திவிட்டு, "வலிப்பு" என்றார்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் அம்மா. "நோய மறைச்சிக் கட்டிவைக்கப் பாக்கிறாங்க. பெரியப்பாகாரரு ஒரு வார்த்த சொன்னாரா?"

என்னைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரணை நடந்தது. கை கால் இழுத்ததா? இல்லை. நுரை வந்ததா? இல்லை. வாய்?

"வாய் பெரிசாத் தொறந்திருந்திச்சி" என்றேன்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு விசாரணை முடிந்தது. திங்கட்கிழமை ஆள் அனுப்பி, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடுவதாக முடிவாயிற்று. அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் காலையில் அத்தை பின்வாசலில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் கை விட்டுக்கொண்டிருந்தேன்.

"கீழ என்னடி நடந்திச்சி?" என்றாள், துவைப்பதை நிறுத்தாமல்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் காதை எப்படிப் பொத்தினார், வாயை எப்படித் திறக்கச் சொன்னார், முன் சீட்டுக்காரனும் அதேபோல வாயைத் திறந்து கிடந்தது, அவன் என்னைப் பற்றிக் கேட்டது. வாயைத் திறந்தும் காட்டினேன். அத்தை துவைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஒன்னையும் தொறக்கச் சொன்னாரா?"

"ஆமா. பெரிசாத் தொறக்கச் சொன்னாரு."

"வலிப்பு வந்த ஆளு அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்களா?" என்றாள். அது என்னிடம் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை.

அவள் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டது எனக்கு உற்சாகமாக இருந்தது. அதனால், முதல் நாளிலிருந்து மனதில் வைத்திருந்த ஒரு குறையையும் சொல்லிவிட்டேன். அவருக்கு என் பெயர்கூடத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று இரண்டு தடவை சொன்னேன். அப்படியிருந்தும் கீழே கிடக்கும்போது வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

"என்ன பேரு?"

சொன்னேன்.

அத்தை அந்தப் பெயரைத் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவருக்கு நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் மருந்துக்கடையில தெனமும் நோயாளிங்களப் பாக்கிறேன், எனக்குத் தெரியும். ஜாதகம் அது இதுன்னு சொல்லி அனுப்பாதீங்க. எனக்குச் சம்மதம்."

தன் கல்யாண விஷயத்தில் அத்தை அப்பாவிடம் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா பேப்பரை இறக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தாள். "இல்ல அண்ணி, நான் நல்லா யோசிச்சிட்டேன்" என்று அத்தை மறுபடியும் சொன்னாள். அப்பாவுக்குச் சம்மதிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

திரும்பப் பின்வாசலுக்கு வந்ததும் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"மாமா மறுபடி அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, 'என்ன மாமா'ன்னு கேளு. அது என் பேரு இல்லன்னு சொல்லக்கூடாது. சரியா?"

"ஏன்? அது யாரு?"

"எனக்கும் தெரியாது" என்றாள்.

எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அவர் செய்த பிழைக்கு நான் ஏன் வேறு பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? ஆனாலும் அத்தைக்காகச் சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெரியப்பாவோடு, ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு நாள் குறிக்க வந்தார். படி ஏறும்போதே என்னைப் பார்த்துவிட்டு, என் பெயரைச் சரியாக, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவழியாகப் படித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதைச் சொல்ல அத்தையிடம் ஓடினேன். இதில் அத்தை அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.