மெஷின் துடைக்கிற துணி

சிங்கப்பூரில் தூரம் என்றால் பஸ் ஸ்டாப் கணக்கு. தொண்ணூற்றாறு தை மாதம் இங்கே வீட்டு வேலைக்கு வந்தேன். மூன்றாம் மாதம் தொடையெல்லாம் புண். மேடம் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே சீட்டு எழுதியவள் இந்த ஊர்த் தமிழ்ப் பெண். “தூரமா இருக்கறனுங்க” என்றேன். “வீடு எந்த பிளாக்கு?” என்றாள். “மூணு நாளாச்சுங்க.” “மூணு நாள் நடந்தா வந்தீங்க?” அவள் சிரித்தாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். “ஓ, பீரியட்ஸா!” என்று உட்கார்ந்திருந்த ஆண்களுக்கும் கேட்கச் சொன்னாள்.

டாக்டர் என்ன துணி என்று கேட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை செய்த மோட்டார் பட்டறைக்கு, மெஷின் துடைக்கத் திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வரும். சிவப்பு, ஊதா, கறுப்பு. எண்ணெய் படாத துண்டாகப் பார்த்துப் பெண்கள் எடுத்துக்கொள்வோம். கறை தெரியாது என்று கறுப்புக்குச் சண்டை. நானும் ஒரு பை கொண்டுவந்திருந்தேன். சாயம்தான் புண்ணாக்கியது என்றார் டாக்டர். பட்டறையில் எந்த மெஷினுக்கு எந்த எண்ணெய் ஆகாது என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். எங்களுக்கு எது ஆகாது என்று ஒரு வரி இல்லை.

அதே பட்டறையில்தான் என் தங்கை சரசு. அவளுக்கும் புண். போன மாதம் காய்ச்சல் வேறு என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சூடு என்று இளநீர் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் போட்டால் அவள் வீட்டுக்காரர்தான் பிரிப்பார். அவள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

“சரசு, அந்தக் கலர் துணிய வெக்காத. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“அக்கா, கடையில ஆளுக நிக்கறாங்க.”

“நிக்கட்டும். துணி, சரசு.”

“ஆமாங்க்கா, இங்க நல்ல மழைங்க.”

போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் கொடு என்றேன். “சொல்லு அம்மணி” என்றார். சொன்னேன். தூரம், சாயத் துணி, புண், ஒன்று விடவில்லை. “காயிதத்துல சுத்தி ஒளிச்சு விக்கறீங்களே, அதுல ரெண்டு பாக்கெட் அவகிட்டக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க.”

“அங்க வெயிலு எப்படி அம்மணி?” என்றார். லைன் போய்விட்டது.

கொடுத்தாரா, தெரியாது. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பட்டறைப் பெண்களிடமாவது சொல்லிவிடுங்கள். கடையில் விற்கும் பஞ்சுப் பாக்கெட் வாங்கி எனக்குப் புண் ஆறிவிட்டது. என் தூரத் தேதிக்கு இப்போது எரிவதில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து சரசுவின் தேதி வரும். அப்போதுதான் தொடை எரிகிறது.