பம்பரில் சாய்ந்து நிற்பவன்

இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. தெற்கு ஜெர்மனிக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. கார் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றிருக்கும். நான்தான் திடுக்கிட்டு ஒதுங்குவேன். போனில் அந்தோணி அண்ணனுக்கும் இதே சந்தேகம். "இன்னாடா, ஒரு சவுண்டயும் காணோம்? ரோட்டுல வண்டி ஓடுதா இல்லியா?" என்பான். அவன் பக்கம் திருவொற்றியூரே கத்திக்கொண்டிருக்கும்.

வண்டிகளில் வைக்கும் ரேடாரின் இரைச்சலைக் குறைப்பதுதான் இங்கே என் பிழைப்பு. ரேடார் அனுப்பும் அலையில் கொஞ்சம், வெளியே போகாமலே, வாங்கும் பக்கத்துக்குக் கசிந்துவிடும். பம்பரில் பட்டும் திரும்பி வரும். இந்தக் கசிவில் எதிரே இருப்பது மறைந்துபோகும். அதனால் மிக அருகிலிருந்து அசையாமல் வந்துகொண்டே இருக்கும் எதையும் வண்டியின் சொந்தக் கசிவு என்று கழித்துவிடுகிறோம். அதைச் செய்யும் நிரலை எழுதியவன் நான். ரேடார் திரை பளிச்சென்று ஆனபோது எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கும் பெருமைதான். இனி கன்டெய்னர் லாரிகளுக்கும் இதைப் பொருத்தி வெளிநாடுகளுக்கு விற்கப்போகிறோம் என்று சொன்ன அன்றுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது.

எண்ணூர் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குள் நுழைய லாரிகள் எப்படி வரிசை கட்டி நிற்கும் என்று. அண்ணன் அங்கே டிரெய்லர் ஓட்டுகிறான். ஊரில் இருந்தபோது சாப்பாடு கொண்டுபோன நாட்களில் அவனை நான் சீட்டில் பார்த்ததே இல்லை. தன் கன்டெய்னரின் நிழலில், பின்னால் நிற்கும் லாரியின் பம்பரில் முதுகைச் சாய்த்து, டீ கிளாஸோடு கண்ணை மூடி நிற்பான்.

"அந்த வண்டிக்காரன் எடுத்துட்டா இன்னா பண்ணுவ?"

"ஹாரன் அடிப்பான், நவுந்துக்குவேன். இதுக்குப் போயி பேஜாரு பண்ணாத."

இப்படி அசையாமல் சாய்ந்து நிற்பவனையும் நம் நிரல் கசிவென்று கழித்துவிடுமே என்று என் மேலாளர் மார்க்குஸிடம் சொன்னேன். "லாரிக்கு முன்னால் ஏன் நிற்கிறார்கள்? மறியலா?" என்று கேட்டார். டீ குடிக்கிறார்கள் என்றேன். "அங்கே கடைகள் இல்லையா?" என்றார் இரக்கத்தோடு. கடையிலிருந்துதான் டீ வருகிறது என்பதை எப்படிப் புரியவைப்பது? கழிப்பதைக் குறைத்தால் ஆளே இல்லாத இடத்திலும் லாரி பிரேக் போடும், யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். எது இரைச்சல், எது ஆள் என்று எனக்கே பிடிபடவில்லை.

கடைசியில் சோதனை மைதானத்துக்கு அவரை இழுத்துப் போனேன். இன்ஜினை அணைத்த லாரியில் அவர் ஏறித் திரையைப் பார்த்தார். நான் அண்ணன் நிற்பதுபோலவே பம்பரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரிகிறாய்," என்றார் மேலிருந்து. கொஞ்ச நேரம் போனது.

"இப்போது திரை சுத்தமாக இருக்கிறது. எங்கே போய்விட்டாய்?"

"இங்கதான்யா கீறேன்!" என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஓர் அடி நகர்ந்தால் திரையில் வந்துவிடுவேன். நகர மனம் வரவில்லை. பம்பரில் முதுகை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.