தங்கை தோற்க வேண்டுமென்று நான் செய்த ஜெபம்

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொல்ல மூன்று வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை. எந்த ஜெபத்தை என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற பயம்தான். இரண்டு ஜெபம் செய்தேன். ஒன்று வீட்டார் காதில் விழும்படி, இன்னொன்று யாருக்கும் தெரியாமல். இரண்டையும் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

1945-ல் இன்டர் சயன்ஸ் பரீட்சையில் கெமிஸ்ட்ரியில் தோற்றுப் போனேன். ரிசல்ட் வந்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. வீடு என்றால் தாராவியில் 'சால்' என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறை. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அம்மா அந்த அறையிலேயே தையல் மிஷின் போட்டுத் தைப்பாள். நாங்கள் இரண்டு பெண்கள். நான் ஞானசுந்தரி, மூத்தவள். ஒரு வயது இளையவள் ஜெயமணி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பெண்பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பியதே அக்கம்பக்கத்தில் பெரிய பேச்சு. அதில் நான் தோற்றது இன்னும் பெரிய பேச்சாகிவிட்டது.

அப்பா திட்டவில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார். "ஏட்டி பெரியவளே, இன்னும் ஒரு தரம் எழுது. அதுலயும் போச்சுன்னா படிப்பு போதும். அம்மாகூட மிஷின்ல உக்காந்துரு."

அந்த மிஷின் இருந்த மூலையைப் பார்த்தேன்.

நான் மக்கு இல்லை. எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். எவ்வளவு நீளமான சங்கீதமானாலும் மூச்சு விடாமல் ஒப்பித்து, கடைசியில் அதிகாரம், வசன எண் எல்லாம் சொல்லி முடிப்பேன். ஜெயமணிக்கு இரண்டு வசனம் தாண்டினால் நின்றுவிடும். "டீச்சர், அர்த்தம் சொல்லட்டுமா?" என்று கேட்பாள். அர்த்தத்துக்குப் பரிசு கிடையாது. அந்தக் காலத்தில் எனக்கு அவள்மேல் பரிதாபமாகக்கூட இருக்கும்.

கெமிஸ்ட்ரியையும் அப்படியே படித்தேன். வேலன்ஸி, எலெக்ட்ரான், பாண்ட் எல்லாவற்றையும் புத்தகத்தில் இருந்தபடி ஒரு எழுத்துப் பிசகாமல் ஏற்றிக்கொண்டேன். காலேஜ் டெஸ்டில் ஒவ்வொரு பதிலின் கீழும், பழக்கதோஷத்தில், பக்க எண்ணையும் எழுதி வைத்தேன். புரொஃபசர் ஒரு மராட்டியர், நல்ல மனிதர். என் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன எண்?" என்று கேட்டார். "புத்தகத்தில் இருக்கும் இடம் சார்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வசன எண் மாதிரிப் பக்க எண்ணும் சொன்னால் இன்னும் கூட மார்க் போட வேண்டியதுதானே என்றுதான் நினைத்தேன்.

நான் தோற்றதால் அடுத்த வருஷம் ஜெயமணி என் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரே பெஞ்சு, வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம். என் பொறாமை அந்தப் புத்தகத்தில்தான் தொடங்கியது. இருவர் மடியிலும் பாதிப் பாதியாக விரித்து வைத்துப் படிப்போம். நான் பக்கத்தின் நடுவில் இருக்கும்போதே அவள் முடித்துவிடுவாள். திருப்பு என்று கேட்கமாட்டாள், மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பாட்டை முனகுவாள். அவள் அப்படிக் காத்திருப்பது எனக்கு நெருப்பாக இருக்கும். வேண்டுமென்றே படித்த வரியையே மறுபடி படித்து அவளைக் காக்க வைப்பேன். அவள் ஓடுகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் புரொஃபசர் என்னை எழுப்பி, தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்ஸிஜனும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, நேர்கோட்டிலா, வளைந்தா என்று கேட்டார். புத்தகத்தில் மூன்று எழுத்தும் ஒரே வரிசையில் அச்சாகியிருந்தன. நேர்கோடு என்றேன். அடுத்து ஜெயமணியைக் கேட்டார். அவள் தலையைச் சொறிந்துகொண்டு, "பதில் தெரியவில்லை சார். ஆனால் ஆக்ஸிஜனிடம் வெளிவட்டத்தில் ஆறு எலெக்ட்ரான் இருக்கிறது. இரண்டைத்தானே ஹைட்ரஜனோடு பங்குபோடுகிறது? மீதி நாலும் எங்கே போகும்?" என்றாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்றார். என்னைப் பார்த்து, "வீட்டில் தங்கையிடம் கேட்டுப் படியுங்கள்" என்றார். அதன் பிறகு அரை மணி நேரம் அவர் விளக்கினார். ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. நான் அவளுடைய பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் இருந்தது.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில், ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஆகவே முதலில் ஜெயமணி. "ஆண்டவரே, எங்க அக்காவுக்குக் கெமிஸ்ட்ரியில நல்ல ஞானத்தக் குடும்" என்று தினமும் என் பெயரைச் சொல்லி ஜெபிப்பாள். பக்கத்து அறைக்கெல்லாம் கேட்கும். என்னைத் தோற்றவள் என்று தினமும் ஊருக்கு அறிவிக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்து என் முறை. தேச மக்களுக்காக, வியாதியஸ்தருக்காக, பரீட்சை எழுதும் சகல பிள்ளைகளுக்காக எல்லாம் ஜெபிப்பேன். ஜெயமணி என்ற பெயர் மட்டும் என் வாயில் வராது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

ஒற்றை அறையில் தனியாக ஜெபிக்க ஒரே இடம், குளிக்கும் மூலையான மோரிதான். ஜனவரி மாதம் ஒரு நாள் குளிக்கப் போகிறேன் என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு, ஈரக் கல்லில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என்னைப் பாஸாக்கும். அவளை இந்த ஒரு தடவை விழப் பண்ணும். அப்பாவும் அம்மாவும் அதைப் பார்க்கட்டும்." இதைத்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் வெட்கமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு நடுக்கம்.

பத்து நாள் போகவில்லை, ஜெயமணி காய்ச்சலில் விழுந்தாள். டைபாய்டு என்றார் டாக்டர். இருபத்தொரு நாள் தாண்ட வேண்டும் என்றார். அப்போது அதற்கு மருந்தென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பார்லித் தண்ணீரும், மோசம்பி என்கிற சாத்துக்குடிச் சாறும்தான். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வாரம் ஜெயமணி ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாள். உளறலிலும், "அக்காவுக்கு ஞானத்தக் குடும்" என்றாள்.

நான் மோரிக்கு ஓடினேன். அன்று என் ஜெபத்தில் வாக்கியமே கிடையாது. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று அழுதேன். நானே தையல் மிஷினில் உட்காருகிறேன், அவள் பிழைத்தால் போதும் என்றேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

அவள் பிழைத்தாள். ஆனால் புத்தகத்தைப் பிடிக்கக் கையில் பலமில்லை. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. "படிச்சதெல்லாம் மறந்துட்டு அக்கா. நீ வாசி, நான் படுத்துக்கிட்டே கேக்கேன்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். வேகமாக, ஒப்பிக்கிற ராகத்தில்தான்.

"நில்லு. ஆக்ஸிஜன்ல மீதி நாலு எலெக்ட்ரான் எங்க போச்சு?" என்றாள்.

வகுப்பில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய அதே கேள்வி. புத்தகத்தைப் புரட்டினேன். புத்தகம் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பிக்க வரி இல்லாமல் என் வாழ்நாளில் அன்றுதான் நின்றேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். அப்பாவின் பெட்டி, மிஷின், அரிசி டின். இரவில் நாங்கள் அவற்றுக்கு நடுவில் கோணிக்கொண்டு படுப்போம்.

"எங்கயும் போகலட்டி, அங்கயேதான் இருக்கு" என்றேன். "ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து கெடக்கு. நம்ம மிஷினும் அரிசி டின்னும் யாரோடயும் கை கோக்கல. ஆனா எடத்த அடைச்சுக்கிட்டு நம்மள ஒதுங்கச் சொல்லுதுல்லா? அப்படித்தான். ரெண்டு ஜோடியும் தள்ளுது. ஹைட்ரஜன் ரெண்டும் ஒரு பக்கமா ஒதுங்கிருது. அதான் வளைஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அது எந்தப் பக்கத்திலும் இல்லாத பதில்.

அவள் கண் பளிச்சென்றது. "அப்ப கார்பன் டை ஆக்ஸைடு?"

"கார்பன்ட நாலும் பங்குக்குப் போயிருது. மீதி ஒண்ணுமில்ல. தள்ள ஆளில்லாம நேரா இருக்கு."

அவளுக்கு வைத்திருந்த மோசம்பியை எடுத்துத் துடைப்பத்து ஈர்க்கை நாலு துண்டாக்கிக் குத்தினேன். மோசம்பிதான் ஆக்ஸிஜன், ஈர்க்குகள் ஒன்றுக்கொன்று முடிந்த மட்டும் விலகி இருக்க வேண்டும். காகிதத்தில் போடுகிற சிலுவை மாதிரி சுற்றிக் குத்தினேன். "மேலயும் கீழயும் எடம் சும்மா கெடக்கே அக்கா" என்றாள். பிடுங்கி மறுபடி குத்தினேன். மூன்று ஈர்க்கு கால் ஊன்ற, ஒன்று நட்டக்குத்தலாக நின்றது. இரண்டு ஈர்க்கு ஹைட்ரஜன், இரண்டு ஈர்க்கு மீதி ஜோடி. தண்ணீரின் வளைவு கையிலேயே இருந்தது. புத்தகம் தட்டையாக இருந்ததால் உலகமே தட்டை என்று நான் நம்பியிருந்திருக்கிறேன். அன்று முதல் அவள் கேட்பாள், நான் பதில் தேடுவேன். அவள் நிஜமாகவே மறந்துதான் போனாளா என்று இன்றைக்குக் கேட்டாலும் சிரிக்கிறாளே தவிர பதில் சொல்வதில்லை.

இருவரும் பரீட்சை எழுதினோம். கெமிஸ்ட்ரிப் பேப்பரில் மூன்று மூலக்கூறுகளின் வடிவம் கேட்டிருந்தது. நான் பக்க எண் எழுதவில்லை, என் சொந்த வார்த்தையில் எழுதினேன். பிசிக்ஸ் அன்று ஜெயமணிக்குத் தலை சுற்றிப் பாதியிலேயே வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். ஜெயமணி பிசிக்ஸில் போய்விட்டாள்.

மோரியில் நான் கேட்டதெல்லாம் அப்படியே நடந்திருந்தது. என்னைப் பாஸாக்கி, அவளை விழப் பண்ணியாயிற்று. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இதைவிடக் கேவலம் ஒன்று சொல்ல வேண்டும். மார்க் சீட்டுகள் வந்தபோது பார்த்தேன், கெமிஸ்ட்ரியில் அவளுக்கு என்னைவிட அதிகம். அந்த நிலையிலும் எனக்குச் சுருக்கென்றது. தோற்றுப்போய் எலும்பும் தோலுமாகக் கிடந்த தங்கைமேல்கூட ஒருத்தி பொறாமைப்படலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அப்பா, "சின்னவளுக்கு ஒடம்பு தாங்காது. அவ வீட்டோட இருக்கட்டும், மிஷின் பழகட்டும்" என்றார். அன்று சாயங்காலம் என் முறை வந்தபோது நான் ஜெபிக்கவில்லை. மோரியில் கேட்டதை முழங்காலில் இருந்தபடியே எல்லோர் முன்பும் சொன்னேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெயமணி மட்டும் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நீ சொன்னன்னு ஆண்டவர் எனக்குக் காய்ச்சல் குடுத்தாராக்கும்? அவரு என்ன நீ வச்ச வேலக்காரரா? நான் கொழாத் தண்ணியக் காய்ச்சாமக் குடிச்சேன், வந்துச்சு."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா நீ கேட்டது தப்புதான் அக்கா" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பாவிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். என்னை இன்னொரு தரம் எழுத விட்டீர்கள், அவளையும் விடுங்கள், அக்டோபர் மறுபரீட்சை வரைக்கும் நானே உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுவதும் பிசிக்ஸ் புத்தகத்தை அவளுக்கு வாசித்தேன். அக்டோபரில் அவள் தேறினாள்.

இன்று நான் செம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன். ஒப்பிக்கிற பிள்ளையைக் கண்டால் உடனே நிறுத்தி, ஏன் என்று கேட்கிறேன். ஜெயமணி டாக்டருக்குப் படிக்கிறாள். பொறாமை என்னைவிட்டு ஒரேயடியாக ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. போன வாரம்கூடச் சபையில் ஒரு அம்மா, "ஒங்க தங்கச்சி டாக்டராமே, நீங்க டீச்சர்தானா?" என்றார்கள். முன்பானால் அதை மோரிக்குக் கொண்டு போயிருப்பேன். இப்போது நேரே அவளிடமே போகிறேன்.

"இன்னைக்கும் குத்திச்சுட்டி" என்றேன்.

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தப் பக்கம்? சரியாக் காட்டு. இப்ப நெஞ்செலும்புதான் படிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்தச் சிரிப்பைத்தான் நான் கேட்காமலே ஆண்டவர் எனக்குக் கொடுத்தார். பிரியமானவர்களே, உங்களுக்கும் யார்மேலாவது இப்படி எரியுமானால் அதை அவரிடம் மறைக்காதீர்கள், அசிங்கமாக இருந்தாலும் சொல்லுங்கள், அவர் தாங்குவார். சொல்லி முடித்ததும் எழுந்து போய், யார்மேல் எரிகிறதோ அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.